கல்லும் விதையும் வைத்து எண்ணக் கற்பித்தல்: மூன்று முதல் ஐந்து வயது வரைக்கான முழுமையான வழிகாட்டி

இருபது வரை தடையின்றி ஒப்பிக்கும் மூன்றரை வயதுக் குழந்தையிடம் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு கிண்ணத்தை நீட்டி, "நாலு கல்லு எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் ஒரு கை நிறைய அள்ளித் தந்துவிட்டு, கேட்டது கிடைத்துவிட்டதல்லவா என்பதுபோல் நம்மைப் பார்க்கும். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறன். ஒரு குவியலிலிருந்து கேட்ட அளவை மட்டும் பிரித்தெடுப்பது வேறொரு திறன். முதலாவது பாட்டைப்போல் செவி வழியாகவே வந்துவிடும். இரண்டாவதைக் கை வழியாகத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

கீழே உள்ள படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆறாம் படியில் தொடங்கி, எட்டாம் படியைத் தவிர்த்து, பதினொன்றாம் படிக்குத் தாவுகிறார்கள். குழந்தை திணறும்போது அது அந்தப் படியின் கடினத்தால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் விட்டுப்போன படிதான் அங்கே இடறுகிறது.

1. பொருள்களைச் சேர்த்துச் சோதித்தல்

ஒரே வகைப் பொருள் இருபது, வேறொரு வகை பத்து, விரல் நீளச் சுள்ளிகள் நாற்பது, உள்ளங்கை அகல இலைகள் ஐந்து ஆகியவை போதும். கல்லாக இருந்தால் சற்றுத் தட்டையானதாகத் தேர்ந்தெடுங்கள். உருண்டைக் கல் வைத்த இடத்தில் நிற்காது; உருண்டோடிய கல்லைத் துரத்திப் பிடித்துத் திரும்பும் குழந்தைக்கு எதுவரை எண்ணினோம் என்பது நினைவிருக்காது.

அளவு மிக முக்கியம். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் பொருளைத் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியதாகவே கொள்கிறார்கள். வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாயை வைத்துச் சோதிக்கலாம். அதற்குள் நுழையும் எதையும் மூன்று வயது நிரம்பாத குழந்தையிடம் தராதீர்கள். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகாத குழந்தையாக இருந்தால், வயது எதுவானாலும் இதே விதிதான். அருகில் தவழும் தம்பி தங்கை இருந்தாலும் அப்படியே.

விதைகளில் கூடுதல் கவனம் தேவை. உலர்ந்த பயறு வகைகள் மூக்கிலோ காதிலோ போனால் ஈரத்தில் ஊதிப் பெருத்து இறுகிக்கொள்ளும். குன்றிமணி ஒரே அளவில், ஒரே நிறத்தில், எண்ணுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. ஓடு உடையாதவரை விதை தீங்கற்றதாகத் தோன்றினாலும், கடித்தாலோ துளையிட்டாலோ நஞ்சு வெளிப்படும். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அரளி, ஊமத்தை ஆகியவற்றின் எந்தப் பகுதியும் கூடாது. பெயர் தெரியாத விதையை எடுக்காமலிருப்பதே நல்லது.

கற்களைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். கிளிஞ்சல்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, விளிம்பு கூர்மையானவற்றை நீக்குங்கள். விதைகளையும் சுள்ளிகளையும் வாரம் ஒருமுறை கிளறிப் பார்த்து, பூச்சி துளைத்தவற்றை எறிந்துவிடுங்கள்.

அழகான பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் முதலில் தொடங்கியபோது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் மினுங்கும் கிளிஞ்சல்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். குழந்தைகள் அவற்றைக் காதில் வைத்துக் கேட்டார்கள், ஒன்றோடொன்று உரசினார்கள், எது அழகு என்று சண்டையிட்டார்கள், ஒருவரும் எண்ணவில்லை. எண்ணிக்கைக்குச் சலிப்பூட்டும் சாம்பல் நிறக் கற்களே உதவும். பொருளில் வியப்பு குறைந்தால்தான் எத்தனை என்பது கண்ணில் படும்.

2. இடமும் நேரமும் சொற்களும்

கோலமோ பூவோ இல்லாத ஒற்றை நிறத் துணியைத் தரையில் விரியுங்கள். கல் அதன்மேல் தனித்துத் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். குழந்தை எழுந்து போக நினைக்கும் முன் நீங்களே முடித்துவிட்டால் மறுநாள் தானாகவே துணியை எடுத்து வரும். குழுவாகச் செய்வதானால் மூவருக்கு மேல் வேண்டாம். நான்காமவரின் முறை வருவதற்குள் முதலாமவர் கல்லை எறியத் தொடங்கிவிடுவார்.

சொற்களை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அம்மா "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றும், அப்பா "ஒன்று, இரண்டு, மூன்று" என்றும், பாட்டி ஆங்கிலத்திலும் எண்ணினால், எண்ணுப் பெயர்கள் மாறாத வரிசையில் வருபவை என்பது குழந்தைக்குப் புலப்பட நாளாகும். பேச்சு வழக்கோ எழுத்து வழக்கோ, முதல் சில மாதங்களுக்கு வீட்டார் அனைவரும் ஒன்றையே பின்பற்றுங்கள். பேச்சு வழக்குக்கே நான் வாக்களிப்பேன். குழந்தை நாள் முழுதும் கேட்பது அதைத்தான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணும்போது "ஒன்று" என்கிறோம். கேட்கும்போது "ஒரு கல்" என்கிறோம். இரண்டும் ஒரே எண் என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. "ஒரு கல்லு, ஒண்ணே ஒண்ணு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். ஆட்களை எண்ணும் ஒருவர், இருவர், மூவர் ஆகியவை இப்போது வேண்டாம்.

3. கைப்பழக்கத்துக்கு விடுதல்

முதல் இரண்டு மூன்று நாட்கள் எதையும் கேட்காதீர்கள். குழந்தை கற்களை அடுக்கட்டும், கொட்டட்டும், கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றட்டும். புதிய பொருளை அறிந்துகொள்ளும் ஆர்வம் தீராமல் எண்ணச் சொன்னால், அந்த ஆர்வம் எண்ணிக்கைக்கு நடுவில் வந்து நிற்கும். இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது கவனிப்பது மட்டுமே: எந்தக் கையால் எடுக்கிறது, ஒவ்வொன்றாக எடுக்கிறதா, அள்ளுகிறதா என்பது பின்னால் பயன்படும்.

4. எண் இல்லாமல் ஒன்றுக்கு ஒன்று

நான்கு இலைகளை வரிசையாக வைத்து, ஒவ்வோர் இலைமீதும் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். எண்ணுப் பெயர் எதையும் உச்சரிக்க வேண்டாம். எந்த இலையும் விடுபடக் கூடாது, எந்த இலையிலும் இரண்டு கல் இருக்கக் கூடாது. எண்ணுதலின் எலும்புக்கூடு இதுதான். பின்னால் இலையின் இடத்தில் கல்லும், கல்லின் இடத்தில் எண்ணுப் பெயரும் வந்து உட்காரும்.

இதைச் சரியாகச் செய்தபின், நான்கு இலைக்கு ஐந்து கல் கொடுங்கள். ஒரு கல் மிஞ்சும். அந்த மிஞ்சிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை தடுமாறும் சில நொடிகளில் குறுக்கிடாதீர்கள். "இலை பத்தல" என்று அதுவே சொல்லுமானால், கூடுதல் குறைவு என்பதை எண்ணில்லாமலே பிடித்துவிட்டது என்று பொருள். பிறகு மூன்று கல் கொடுத்து, ஓர் இலை வெறுமையாக நிற்பதையும் காட்டுங்கள்.

5. எண்ணாமல் காணும் ஒன்று, இரண்டு, மூன்று

மூன்று வரையிலான அளவை எண்ணாமல் பார்த்தவுடன் அறியும் திறன் நம் எல்லோருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் இரண்டு கல் வைத்துத் திறந்து காட்டி "ரெண்டு" என்று மட்டும் சொல்லி மூடுங்கள். அடுத்து இரண்டு இலை, இரண்டு சுள்ளி. பொருள் மாறியும் பெயர் மாறாதது ஏன் என்பதிலிருந்துதான், "ரெண்டு" என்பது கல்லின் பெயரோ நிறத்தின் பெயரோ அல்ல என்று குழந்தை ஊகிக்கிறது.

இதைச் செய்யும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் காட்டாதீர்கள். முழு அளவுக்கு ஒரு பெயர் உண்டு என்பது தனியே பதிந்திருந்தால் ஏழாம் படி எளிதாகும்.

6. நகர்த்தி எண்ணுதல்

இப்போதுதான் எண்ணுதல் தொடங்குகிறது. ஐந்து கற்களைத் துணியின் இடப்பக்கம் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு கல்லையும் எடுத்து வலப்பக்கம் வைக்கும்போது ஓர் எண்ணுப் பெயர். வெறுமனே விரலால் சுட்டி எண்ணுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது. நகர்ந்த கல் எண்ணப்பட்டது, நகராத கல் எண்ணப்படாதது. எதை எண்ணினோம் என்று நினைவில் வைக்கும் சுமையைத் துணியே ஏற்றுக்கொள்கிறது.

இங்கே நான் மீண்டும் மீண்டும் பார்த்த தவறு வாய்க்கும் கைக்கும் இடையிலான ஓட்டம். குழந்தை "அஞ்-சு" என்று இரண்டு தட்டாகச் சொல்லி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கல்லை நகர்த்திவிடும். "ஒன்பது" மூன்று தட்டு கொண்டது என்பதால் அங்கே கை இன்னும் முந்தும். எழுத்து வழக்கில் எண்ணும் வீடுகளில் "இரண்டு" என்ற இடத்திலேயே இது தொடங்கிவிடும். மருந்து எளியது: கல்லைக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். 'டொக்' என்ற ஓசை கேட்கும்போது பெயர் முடிந்திருக்க வேண்டும். ஓசை ஒன்று, பெயர் ஒன்று. இரண்டு மூன்று நாட்களில் கை தானாகவே நிதானப்படும்.

நடுவில் திருத்துவது அடுத்த பெருந்தவறு. குழந்தை ஒரு கல்லைத் தவறவிட்டதும் "அதை விட்டுட்டியே" என்று நாம் கத்தினால், அது எண்ணுவதை நிறுத்தி நம் முகத்தைப் பார்க்கும். அடுத்த முறை கல்லைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணும். முடிக்கட்டும். முடித்தபின், "நான் ஒரு தடவ எண்ணட்டுமா?" என்று கேட்டு, மெதுவாக நகர்த்தி எண்ணுங்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒரு கல்லை இருமுறை எண்ணினால், பிழையைக் கண்டுபிடித்துக் கூவும் மகிழ்ச்சியும் அதற்குக் கிடைக்கும்.

வரிசையில் நன்றாக வந்தபின் கற்களைச் சிதறலாக வையுங்கள். வட்டமாக வைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் தொடக்கம் எது என்று தெரியாததால், குழந்தை சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே இருக்கும். தொடங்கும் கல்லின் அருகில் ஒரு சுள்ளி வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

7. 'மொத்தம் எத்தனை?'

குழந்தை ஐந்து கல்லைப் பிழையின்றி எண்ணி முடிக்கிறது. "மொத்தம் எத்தன கல்லு?" என்று கேட்கிறீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று மறுபடியும் தொடங்குகிறது. பெரியவர்கள் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சலிப்படைகிறார்கள். ஆனால் குழந்தைக்கு "எத்தனை" என்பது இன்னும் 'எண்ணு' என்ற கட்டளைதான். கடைசியாகச் சொன்ன பெயரே முழுக் கூட்டத்தின் அளவு என்பதை அது இன்னும் அறியவில்லை. எண்ணுதலின் ஐந்து நெறிகளை 1978-இல் வகுத்துத் தந்த ரோஷெல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் ஆகிய இரு உளவியலாளர்களும் இதைத் தனி நெறியாகவே வைத்தார்கள். குழந்தையோடு உட்கார்ந்தால் ஏன் என்று விளங்கும்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், எண்ணி முடித்தபின் "அஞ்சு எங்க இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். கடைசிக் கல்லை மட்டும் தொட்டுக் காட்டினால், அந்தக் கல்லுக்கு 'அஞ்சு' என்று பெயர் என்றே அது நினைக்கிறது.

இதை விளக்கிப் பயனில்லை. செயலால் காட்ட வேண்டும். மூன்று கல்லை வைத்து முதலில் முழு அளவைச் சொல்லுங்கள்: "பாரு, இங்க மூணு கல்லு இருக்கு." உடனே எண்ணுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." கடைசிச் சொல்லைச் சற்று நீட்டி, கையால் எல்லாக் கற்களையும் சுற்றி அணைத்து "மூணு கல்லு" என்று முடியுங்கள். ஐந்தாம் படியில் கண்ணால் அறிந்த "மூணு" என்ற பெயரும் எண்ணி வந்து சேர்ந்த "மூணு" என்ற பெயரும் ஒன்றாவது அந்த இடத்தில்தான்.

அடுத்து, எண்ணி முடித்தவுடன் கற்களைத் துணியால் மூடிவிட்டு "உள்ள எத்தன?" என்று கேளுங்கள். மறுபடி எண்ண வழியில்லாததால், குழந்தை கடைசிச் சொல்லைத் தேடிப் பிடிக்கும். சொன்னதும் துணியை அதுவே விலக்கிச் சரிபார்க்கட்டும்.

8. கேட்ட அளவைக் கொடுத்தல்

உண்மையான சோதனை இதுதான். மற்றப் படிகளைப் போலி செய்ய முடியும், இதை முடியாது. உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பணிகளைக் கொண்டே நடத்தப்பட்டது. வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

பதினைந்து கற்கள் உள்ள கிண்ணத்தை வைத்து "ஒரு கல்லு குடு" என்று தொடங்குங்கள். சரியாகத் தந்தால் அடுத்து இரண்டு, பிறகு மூன்று. தவறினால் ஒன்று குறைத்துக் கேளுங்கள். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை கேட்டு, இரண்டு முறையாவது சரியாகத் தரும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை இப்போது உண்மையில் அறிந்த எண் அதுவே. ஒப்பிப்பது இருபது வரை இருக்கலாம், அறிந்தது இரண்டாக இருக்கலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் சில மாதங்கள் கழிவது இயல்பே.

தவறும் விதத்தையும் பாருங்கள். இரண்டை அறிந்த குழந்தை மூன்று, நான்கு, ஐந்து எதைக் கேட்டாலும் அள்ளித் தரும். ஆனால் ஒன்றையோ இரண்டையோ தராது. அந்த எண்கள் வேறு என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. எனவே பயிற்சியை ஏழிலும் எட்டிலும் செலவிடாமல், அடுத்த ஒரே எண்ணில் குவியுங்கள். மூன்று கல்லை ஒரு பக்கமும் நான்கு கல்லை மறுபக்கமும் வைத்து, "இது மூணு. இது மூணு இல்ல, நாலு" என்று காட்டுங்கள். எது இல்லை என்பதும் தெரிந்தால்தான் எது என்பது கூர்மையாகும்.

சோதிக்கும்போது "சரியா பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். கேட்டவுடன் குழந்தை சரியான விடையையும் மாற்றிவிடும். "எண்ணிப் பாப்போமா?" என்பது போதும். குழந்தை ஐந்து வரை தவறாமல் தரும்வரை பத்துக்குப் போக வேண்டாம். ஐந்து பிடிபட்டபின் ஆறும் ஏழும் பெரும்பாலும் விரைவாகவே வந்துசேரும்.

9. கலைத்துப் பார்த்தல்

எண்ணிய ஐந்து கல்லை வலமிருந்து எண்ணச் செய்யுங்கள், நடுக் கல்லிலிருந்து தொடங்கச் செய்யுங்கள், அகட்டி வைத்து எண்ணச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தே வருவது குழந்தைக்கு வியப்பாக இருக்கும். சில குழந்தைகள் சந்தேகத்தோடு இரண்டு மூன்று முறை எண்ணிப் பார்ப்பதுண்டு, விடுங்கள்.

இரண்டு சம வரிசைகளில் ஒன்றை மட்டும் நீட்டி வைத்தால் நீண்ட வரிசையில்தான் கல் அதிகம் என்று ஆறு வயது வரைகூடக் குழந்தைகள் சொல்வதுண்டு என்பதை உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். ஆகவே இதைத் தேர்வாக வைக்காதீர்கள். ஒரே கேள்வியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்ளும். கேள்வியே வேண்டாம், கலையுங்கள், எண்ணுங்கள், அவ்வளவுதான்.

10. ஒன்று கூட, ஒன்று குறைய

கவிழ்த்த கிண்ணத்துக்குள் மூன்று கல்லை வைத்து, குழந்தை பார்க்க இன்னும் ஒன்றை உள்ளே தள்ளுங்கள். "இப்ப உள்ள எத்தன?" முதலில் ஊகம், பிறகு திறந்து பார்த்தல். அடுத்த எண்ணுப் பெயர் என்பது 'ஒன்று கூட' என்பதன் பெயர் என்பது இங்கே புரிகிறது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். கடைசிக் கல்லும் போனபின் இருக்கும் வெறுமைக்கு முதலில் "ஒண்ணுமில்ல" என்றும், சில நாள் கழித்து "பூஜ்ஜியம்" என்றும் பெயர் சொல்லுங்கள்.

11. பத்துக் கட்டு

தரையில் மேலே ஐந்து, கீழே ஐந்து எனப் பத்துக் கட்டங்கள் கீறி, கட்டத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஏழு என்பது ஒரு முழு வரிசையும் இரண்டும் என்று கண்ணிலேயே தெரியும்.

பிறகு சுள்ளிகளை எடுங்கள். பத்துச் சுள்ளியைக் குழந்தையே எண்ணி, நூலால் கட்டட்டும். பத்துக்குப் பதிலாக ஒரு பெரிய கல்லை வைப்பது இந்த வயதுக்கு ஆகாது. அவிழ்த்தால் உள்ளே பத்து இருக்க வேண்டும். ஒரு கட்டும் மூன்று சுள்ளியும் "பதின்மூணு". நம் மொழி இங்கே நமக்குத் துணை நிற்கிறது: பத்து முதலிலும் உதிரி பின்னாலும் சொல்லில் இருக்கும் வரிசையே துணிமீதும் இருக்கிறது. பன்னிரண்டில் பத்து சற்று மறைந்திருப்பதால் அங்கே கொஞ்சம் நின்று போங்கள். ஒன்பது கட்டுக்குப் பெயர் தொண்ணூறு என்பது வெகுகாலம் கழித்து வரும் குழப்பம். நூறை எட்டாத எண்ணின் பெயருக்குள் நூறு ஒலிக்கிறது. அப்போதும் ஒன்பது கட்டுகளை எடுத்து அடுக்கிக் காட்டுவதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

12. எண்ணுருக்கள்

1, 2, 3 என்ற வடிவங்களைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. வடிவம் முதலில் வந்தால் குழந்தை அதை ஒரு படமாகவே மனத்தில் வைத்துக்கொள்கிறது. முதலில் எண்ணிய கற்களைத் தாளில் வட்டங்களாக வரையட்டும். பிறகு வட்டத்துக்குப் பதில் கோடுகள். அதன்பின் தட்டைக் கல்லில் நீங்கள் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்ணுருவின் அருகே அத்தனை கல் வைக்கட்டும். எண்ணுருவைத் தானே எழுதுவது விரல்களின் வலிமையைப் பொறுத்தது, எண்ணறிவை அன்று. இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம்.

6, 9 எழுதிய கற்களில் மட்டும் எண்ணுருவின் கீழே ஒரு கோடு இட்டுவையுங்கள். கல் கையில் திரும்பிக்கொண்டே இருக்கும். கோடு இல்லாவிட்டால் ஆறு வைக்க வேண்டிய இடத்தில் ஒன்பதை வைத்துவிட்டு, எண்ணியது சரியாக இருந்தும் தவறு செய்துவிட்டதாகக் குழந்தை வருந்தும்.